ஃபில்ட்டருக்குள் போன புலி மீன்கள்

என் கணவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று ராஜபாளையம் வந்தபோது, வீட்டில் அவர் ஒழுங்குபடுத்துவதற்கு என்னையும் இரண்டு தென்னை மரங்களையும் தவிர வேறு எதுவும் இல்லை. தென்னைகள் ஏற்கெனவே வரிசையில்தான் நின்றன. நான் காலையில் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விடுவேன். அங்கே கோர்ட்டுக்குப் போகும் வழியில் எனக்கு ஒரு சிறிய பல் கிளினிக் இருக்கிறது. கொஞ்ச நாள் வீட்டில் சும்மா இருந்து பார்த்துவிட்டு அவரும் என்னோடு கிளினிக்குக்கு வர ஆரம்பித்தார். முன்அறையில் காத்திருந்தவர்களின் முகங்களைப் பார்த்துவிட்டு, "என்ன, தூக்குல போடக் கூட்டிட்டு வந்த மாதிரி உக்காந்திருக்காவ" என்றார். அது உண்மைதான். உள்ளே டிரில் சத்தம் கேட்கும்போது வெளியே யாரும் சிரித்துப் பேசி நான் பார்த்ததில்லை.

மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தால் பயம் குறையும் என்று அவர் போனில் எங்கோ படித்தார். படித்த வேகத்தில் மதுரைக்குப் போனார். திரும்பி வரும்போது ஒரு வேனில், கட்டிலைவிடச் சற்றே சிறிய கண்ணாடித் தொட்டி ஒன்று அவருக்கு முன்னால் வந்து இறங்கியது.

சாதாரணத் தொட்டி என்றால் ஒரு மூலையில் சின்ன மோட்டார் குமிழி விட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். இது அப்படியில்லை. தொட்டியின் பின்மூலையில் கறுப்புப் பிளாஸ்டிக்கில் உயரமான பெட்டி ஒன்று நின்றது. அதன் மேல்விளிம்பு சீப்பு மாதிரி பல் பல்லாக இருக்கும். தொட்டித் தண்ணீர் அந்தப் பல்லிடுக்கு வழியே வழிந்து, ஒரு குழாயில் இறங்கி, கீழே அலமாரிக்குள் மறைத்து வைத்த இன்னொரு கண்ணாடித் தொட்டிக்குப் போகும். அதற்குப் பெயர் சம்ப். அதில் பீங்கான் வளையங்களும் ஸ்பாஞ்சும் அழுக்கைப் பிடித்துக்கொள்ள, சுத்தமான தண்ணீரை மோட்டார் மறுபடி மேலே ஏற்றிவிடும். இதை அவர் எனக்கு மூன்று தடவை விளக்கினார். வாயைப் பிளந்து படுத்திருந்த நோயாளிகளுக்கும் விளக்கினார். அவர்களால் எதிர்க்கேள்வி கேட்க முடியவில்லை.

மீன்களில் அவருக்குப் பெருமை எல்லாம் ஆரஞ்சு உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட ஐந்து மீன்கள் மேல்தான். கடையில் அவற்றுக்கு ஏதோ ஆங்கிலப் பெயர் சொன்னார்களாம். எங்கள் கிளினிக்கில் அவை புலி மீன் ஆயின. அந்தப் பெயரை வைத்தது எங்கள் ரிசப்ஷனில் இருக்கும் அக்கா. மடவார் வளாகத்தில் வீடு. கணவர் இல்லை. ஒரே மகளைத் தளவாய்புரத்தில் கட்டிக்கொடுத்துவிட்டு, நான் கிளினிக் திறந்த நாளிலிருந்து என்னோடு இருப்பவர். யாருக்கு எந்தப் பல்லில் வலி என்பது என்னைவிட அவருக்குத்தான் ஞாபகம் இருக்கும். காலையில் கதவைத் திறப்பதும் மீனுக்குத் தீனி போடுவதும் அவர் வேலை.

நோயாளிகளின் பயம் குறைந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் பல் வலி இல்லாதவர்களும் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். அவர்களில் முக்கியமானவர் என் கணவரின் அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுபவர். என் மாமனார் நிலத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு மகனைப் பட்டாளத்துக்கும் ஒரு மகனைப் போலீசுக்கும் அனுப்பியவர். போலீசுக்குப் போனவர் இவர். ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. உடுப்பைத்தான் கழற்றியிருந்தார். யாராவது உள்ளே வந்தால், முதலில் காலைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் முகத்தைப் பார்ப்பார்.

ஒரு நாள் காலையில் அக்காதான் சொன்னார். "டாக்டரம்மா, புலி மீனு நாலுதான் நிக்குது."

கல்லுக்குப் பின்னால் இருக்கும் என்று என் கணவர் சொன்னார். அடுத்த வாரம் மூன்றுதான் நின்றன. அவர் கல்லை எல்லாம் எடுத்துப் பார்த்தார். தொட்டிக்கு வெளியே குதித்திருக்குமோ என்று சோபாவைப் புரட்டிப் பார்த்தார். இன்னும் சில நாளில் இரண்டே இரண்டு புலி மீன்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன.

"அந்தக் கறுப்புப் பெட்டி வழியா கீழ போயிருக்காதா?" என்று நான் கேட்டேன்.

"அந்தப் பல்லிடுக்கில எறும்புகூடப் போகாது" என்றார் கணவர். ஆனாலும் அலமாரியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். தண்ணீரும் வளையங்களும் ஸ்பாஞ்சும்தான் தெரிந்தன. கதவைச் சாத்திவிட்டார்.

அந்த நேரம் சோபாவில் உட்கார்ந்திருந்த அத்தான் செய்தித்தாளை மடித்து வைத்தார். ஒரு வருடமாக அவருக்கு இல்லாமல் இருந்த ஒன்று அன்று கிடைத்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

"ஏலே, காலையில முதல்ல கதவத் தொறக்கது யாரு?"

"அக்காதான். அதுக்கென்ன?" என்றார் என் கணவர்.

"ஒண்ணுமில்லை. கேட்டேன்."

அதற்குமேல் அத்தான் என் முன்னால் எதையும் கேட்கவில்லை. தம்பியிடம் மட்டும் தனியாகக் கேட்டிருக்கிறார். தம்பி பேச்சுவாக்கில் ஒரு விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அக்காவின் மகள் வீட்டில் பேரனுக்காகப் புதிதாக மீன் தொட்டி வாங்கியிருக்கிறார்கள் என்று அக்காவே போன மாதம் சந்தோஷமாகச் சொன்ன விஷயம்தான் அது. அத்தானுக்கு அது போதுமானதாக இருந்தது.

மறுநாள் அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தளவாய்புரம் போயிருக்கிறார். இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்ததாகவும், டாக்டரம்மா வீட்டு ஆள் என்றும், மீன் என்றால் தனக்கு உயிர் என்றும் சொல்லி, அக்காவின் மகள் வீட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறார். அந்த வீட்டார் காப்பியும் முறுக்கும் கொடுத்தார்கள். இரண்டையும் சாப்பிட்டார். தொட்டியில் இரண்டு தங்க மீன்கள்தான் இருந்தன. வீட்டுக்கு வந்து தம்பியிடம், "சரக்க வேற எடத்துக்கு மாத்திட்டாவ" என்றார்.

இந்தப் பயணம் எனக்குத் தெரியவந்தது அதற்கடுத்த நாள் காலையில், அக்கா வாயிலாகத்தான். நான் கிளினிக்குக்குள் நுழைந்தபோது அவர் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, நேத்து ஐயா எம்மக வீட்டுக்குப் போயிருந்தாவளாம். மக போன் பண்ணா. ஐயாவுக்கு மீனுன்னா எம்புட்டு ஆசைன்னு அவ சந்தோசப்படுதா. நான் ஒண்ணும் சொல்லிக்கிடலை." மேஜை மேல் இருந்த பதிவேட்டை மூடி வைத்தார். "எம்மக வீட்டு மீன எண்ணிட்டு வரச் சொன்னது நீங்களா, இல்ல உங்க வீட்டு சாரா?"

எனக்கு உண்மையிலேயே எதுவும் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பின்னால் வந்த என் கணவர் முகத்தைப் பார்த்ததும் மீதியும் தெரிந்துவிட்டது. அவர் தொட்டியை உற்றுப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

"இந்தா சாவி" என்று மேஜை மேல் வைத்தார் அக்கா. "தீனி டப்பா கீழ் டிராயர்ல இருக்கு. காலையில போட்டுட்டேன், சாயங்காலம் கொஞ்சம் போட்டாப் போதும்."

கூப்பிட்டேன். பின்னாலேயே வாசல் வரை போனேன். அவர் திரும்பவில்லை. சத்தம் போட்டிருந்தால் சமாதானம் பண்ணியிருக்கலாம். அவர் குடையை விரித்துக்கொண்டு வெயிலில் நிதானமாக நடந்து போனார்.

அன்றிலிருந்து ரிசப்ஷனில் என் கணவர் உட்கார்ந்தார். நோயாளிகள் வந்த வரிசைப்படி சுவரோரம் உட்கார வைக்கப்பட்டார்கள். பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்க வேண்டும். பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டிருந்த ஒரு ஆசிரியை, "அந்த அக்கா எப்ப வருவாங்க? அதுக்கப்புறம் வாரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நான் வீட்டில் கணவரோடு தேவைக்குமேல் பேசவில்லை. அவர் அதையும் ஒழுங்காக ஏற்றுக்கொண்டார்.

ஒரு வாரம் இப்படிப் போனது. அன்று அவர் ஏதோ பென்ஷன் விஷயமாக ராஜபாளையத்திலேயே தங்கிவிட்டார். கூமாப்பட்டியிலிருந்து ஒரு விவசாயி கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வந்திருந்தார். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் முன்அறையிலேயே உட்காரச் சொன்னேன். அப்போதுதான் அலமாரிக்குள்ளிருந்து கொறகொறவென்று சத்தம் வந்தது. தொட்டியில் விழும் தண்ணீரும் மெலிந்திருந்தது. ஸ்பாஞ்சு அடைத்துக்கொண்டதால் மோட்டார் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. அதைக் கழுவுவது அக்காவின் வேலைகளில் ஒன்று என்பது எங்கள் இருவருக்குமே தெரிந்திருக்கவில்லை.

குனிந்து அலமாரியைத் திறந்து ஸ்பாஞ்சை உருவினேன். பக்கத்துத் தடுப்பில் பீங்கான் வளையங்கள் குவிந்து கிடந்தன. அவை ஒரு சல்லடைத் தட்டின் மேல் இருக்கும். தட்டுக்கும் அடிக்கண்ணாடிக்கும் நடுவே விரலளவு இடைவெளி. அந்த இருட்டில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ தெரிந்தது. பிளாஸ்டிக் துண்டு என்றுதான் நினைத்தேன். தலையை உள்ளே விட முடியவில்லை. சிகிச்சை அறைக்குப் போய், வாய்க்குள் பார்க்கும் குட்டிக் கண்ணாடி ஒன்றை எடுத்து வந்து, தடுப்பு ஓரமாக விட்டு, டார்ச் அடித்துத் திருப்பினேன்.

கண்ணாடியில் ஒரு கண் தெரிந்தது. அது என்னைப் பார்த்தது.

"மீனு இங்கதான் இருக்கு" என்று நான் யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. கூமாப்பட்டிக்காரர் எழுந்து வந்துவிட்டார். உதடு பாதி மரத்திருந்ததால் அவர் பேச்சு ஒரு பக்கமாக வழிந்தது. "மொதல்ல மோட்டார நிப்பாட்டுங்கம்மா. தண்ணி ஓடிக்கிட்டே இருந்தா மீன் அம்புடாது. நான் கம்மாயில புடிச்சவன்."

அவர் சொன்னதில் எனக்கு நியாயம் தெரிந்தது. சுவிட்சை அணைத்தேன். மோட்டார் நின்றால் மேல்தொட்டியில் இருக்கும் உபரித் தண்ணீர் கீழே இறங்கும் என்பதையும், சம்ப்பை அதற்கு இடம் விட்டு நிரப்ப வேண்டும் என்பதையும் நாங்கள் அன்றுதான் கற்றுக்கொண்டோம். என் கணவர் எதையும் விளிம்பு வரை நிரப்பி வைப்பவர். சம்ப் வழிந்து, அலமாரி வழிந்து, முன்அறை முழுக்கத் தண்ணீர் பரவியது. காத்திருந்தவர்கள் பேசாமல் காலைத் தூக்கிக்கொண்டார்கள். ஒரு பாட்டியம்மா செருப்பை மடியில் வைத்துக்கொண்டார். பல்வலியைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. தொட்டியின் நோக்கம் முதன்முதலாக அன்றுதான் நிறைவேறியது.

"கம்மாயில மோட்டாரு கெடையாது" என்றார் விவசாயி, தப்பு யாருடையது என்று தெளிவுபடுத்துகிற மாதிரி.

மோட்டாரை மறுபடி போட்டுவிட்டு, வளையங்களைக் கைகையாக அள்ளி வாளியில் போட்டேன். தட்டைத் தூக்கினால் பாதி எழும்பி மாட்டிக்கொண்டது, கீழே மூன்று மீன்களும் இருந்தன. இரண்டு ஓடின. ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து அசையாமல் கிடந்தது. செத்துவிட்டது என்று நினைத்தேன். கண்ணாடிக் காம்பால் லேசாகத் தொட்டேன். அது எழுந்து, எரிச்சலோடு இன்னொரு மூலைக்குப் போய் மறுபடி சாய்ந்து படுத்தது. அந்த மீன் தூங்குவதே அப்படித்தானாம். பிறகு தெரிந்தது.

வலை அந்த இடுக்குக்குள் நுழையவில்லை. வளைத்து ஒருவழியாக நுழைத்தபோது, மீனின் கண்ணுக்குக் கீழே இருந்த குட்டி முள் நூலில் மாட்டிக்கொண்டது. அதை விடுவித்ததும் மீன் மறுபடி இடுக்குக்குள் ஓடிவிட்டது. பிறகுதான், பல் அளவு எடுக்கும் பசையைக் குழைக்கிற ரப்பர் கிண்ணம் நினைவுக்கு வந்தது. அமுக்கினால் எப்படியும் வளையும். ஒரு கையால் அதைச் சப்பையாக அமுக்கி உள்ளே விட்டு, மறு கையால் கண்ணாடிக் காம்பை வைத்து மீனை மெல்ல ஓட்டினேன். முதல் மீன் அதற்குள் போனது. கிண்ணத்தைத் தூக்கும்போது மீன் டிக் டிக் என்று சத்தம் கொடுத்தது. சபையில் ஒரு பெருமூச்சு கேட்டது. மற்ற இரண்டையும் பிடிப்பதற்குள் என் புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது.

மேலே விட்டதும் ஒரு வித்தியாசம் எல்லாருக்கும் தெரிந்தது. ஓடிப்போன மூன்றும் கொழுத்திருந்தன. ஒழுங்காக மேலேயே இருந்த இரண்டும் அவற்றுக்குப் பக்கத்தில் நோஞ்சானாகத் தெரிந்தன. மேலே போட்ட தீனியில் பாதி வழிந்து கீழேதான் போயிருக்கிறது.

விவசாயிக்கு இதற்குள் மரமரப்பு இறங்கிவிட்டது. இன்னொரு ஊசி போட வேண்டியிருந்தது. "பரவாயில்ல போடுங்க. மூணும் கெடச்சிருச்சில்ல" என்று வாயைத் திறந்தார்.

மாலையில் கணவர் வந்தார். ஈரத் தரையைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். மீன்களைத் தலை எண்ணினார். நான் அந்தக் கறுப்புப் பெட்டியின் விளிம்பைக் காட்டினேன். சீப்பில் ஒரு பல் உடைந்திருந்தது. இரண்டு இடுக்கு சேர்ந்து ஒரு வாசலாகியிருந்தது.

"அது… பாசி சொரண்டும்போது பிளேடு பட்டுச்சு" என்றார். "சின்னதுதானேன்னு விட்டுட்டேன்."

உடனே அண்ணனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"அண்ணே, மீன் கெடச்சிருச்சு. ஃபில்ட்டருக்குள்ள இருந்திருக்கு."

அத்தான் உடனே கேட்டார்: "கொண்டாந்து போட்டது யாரு?"

நான் போனை வாங்கினேன். "அக்கா இந்தப் பக்கம் வந்தே ஒரு வாரம் ஆச்சு அத்தான். சாவிய அன்னைக்கே வச்சிட்டுப் போயிட்டாவ. மீன் தானாத்தான் போயிருக்கு. நாளைக்கு நாம மூணு பேரும் மடவார் வளாகம் போறோம்."

அவர் வந்தார். அதைச் சொல்ல வேண்டும். இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். அக்கா எங்களை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். நான் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். என் கணவரும் கேட்டார். தரையைப் பார்த்துத்தான் கேட்டார், ஆனால் கேட்டார். அத்தான் தொண்டையைச் செருமினார்.

"விசாரிச்சதுல உங்க மேல ஒண்ணுமில்லன்னு ஆயிருச்சு" என்றார்.

"விசாரணை ஆரம்பிச்சதையே எங்கிட்ட யாரும் சொல்லலியே ஐயா" என்றார் அக்கா.

அத்தான் தண்ணீர்ச் செம்பை எடுத்து வாயில் சாய்த்தார். அது காலியாக இருந்தது. பிறகு மெதுவாக, "தப்புதாம்மா" என்றார். முப்பது வருடப் பழக்கத்துக்கு எதிராக அந்தச் சொல் வெளியே வந்ததை நான் பார்த்தேன். "நீங்க சொல்லுங்க. தளவாய்புரத்துக்குப் போயி, உங்க மக மருமகன் எல்லார் முன்னாலயும் சொல்லிட்டு வாரேன்."

அக்கா யோசித்தார். எங்களைவிட வேகமாக அவருக்கு ஒன்று புரிந்திருந்தது.

"என்னன்னு சொல்லுவிய? திருட்டு மீனத் தேடி வந்தேன், இல்லன்னு ஆயிருச்சுன்னா? இதுவரைக்கும் அங்க யாருக்கும் தெரியாது. என்னைய ஒருத்தர் சந்தேகப்பட்டாவன்னு சம்பந்தி வீட்டு ஆளுக காதுல ஏன் விழணும்? அவிய நெனப்புல நீங்க மீன் ஆசையில வந்த மனுசன்."

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"அப்படியே இருங்க" என்றார் அக்கா. "மீன் ஆசையுள்ள மனுசனாவே இருங்க. மாறிராதிய."

திங்கட்கிழமை அக்கா வேலைக்கு வந்தார். ஸ்பாஞ்சைக் கழுவினார். ரிசப்ஷன் நாற்காலியை என் கணவர் எழுந்து நின்று காலி செய்தார். உடைந்த சீப்புப் பல்லுக்கு நான் மாற்றுப் பல் கட்டினேன். பல்செட் செய்கிற அதே பொருளில் செய்து, நாள் கணக்கில் தண்ணீரில் ஊறவைத்து, வாடை போனபிறகு பொருத்தினேன். என்னிடம் ஈறு நிறம்தான் இருந்தது. கறுப்புச் சீப்பில் ரோஸ் நிறத்தில் ஒரு பல். பிறகு எந்த மீனும் அந்த வழியில் போகவில்லை.

அத்தான் விஷயம்தான் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. இரண்டு வாரத்தில் தளவாய்புரத்திலிருந்து அக்காவின் மருமகன் அவருக்குப் போன் செய்தார். தங்க மீன் ஒன்று தலைகீழாக நீந்துகிறது, ஐயாவுக்குத்தான் தெரியும், என்ன செய்யலாம். அத்தான் பார்த்துச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டு, தம்பியிடம் ஓடி வந்தார். தம்பி சொன்னதை எழுதிக்கொள்ளாமல் மனப்பாடம் செய்துகொண்டு, மோட்டார் சைக்கிளில் போனார். ஒரு நாள் பட்டினி போடச் சொன்னாராம். மீன் நேராகிவிட்டது. நேராகாமல் போயிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

பிறகு அவர்கள் தொட்டியை மாற்றும்போது கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டிலும் தொட்டி வாங்கினார்கள், அதற்கும் கூப்பிட்டார்கள். பேரனின் காதுகுத்துக்குப் பத்திரிகை வைத்தார்கள். நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் போனோம். சாப்பாட்டுப் பந்தியில் சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் அத்தானை இன்னொருவருக்கு அறிமுகம் செய்தார். போலீசில் இருந்தவர் என்று சொல்லவில்லை. "நம்ம மீன்கார ஐயா" என்றார்.

அத்தான் திருத்தவில்லை. இலையில் ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்துக்கொண்டே, ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் அதிலிருக்கும் நல்ல கிருமி செத்துப்போகும், தொட்டித் தண்ணீரிலேயே அலச வேண்டும் என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். எதிர்ப் பந்தியில் அக்கா, தன் மகளோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு அது கேட்டது. நிமிர்ந்து பார்க்காமல் அப்பளத்தை நொறுக்கினார்.